படகை நெர்ஃப் பண்ணாதீங்க, ட்ராலர் விலையைப் பாருங்க

கேள்வி: ப்ரோ, மீன் பிடிக்கிற ஐடில் கேம் ஒன்னு (சும்மா விட்டாலே காசு ஏறுற டைப்) தனியா பண்ணி பிரவுசர்ல விட்டிருக்கேன். வலை 800 காசு, செகண்டுக்கு 1 காசு தரும். படகு 5,000, செகண்டுக்கு 10. ட்ராலர் 2 லட்சம், செகண்டுக்கு 40. ஒன்னு வாங்குனா அதே ஐட்டத்தோட விலை 15% ஏறும். ஆடுறவங்கள்ல பாதி பேர் படகு ஓவர்பவர், அதோட பவரைக் குறைச்சு நெர்ஃப் பண்ணுங்கிறாங்க, மீதி பேர் நடுவுல செம்ம போர்ங்கிறாங்க. ஒருத்தர் டேப் மாத்துனா காசு சரியா ஏற மாட்டேங்குதுன்னு சொல்றார். யார் பேச்சைக் கேக்குறது?

பதில்: எல்லார் பேச்சையும் கேளுங்க, ஆனா அவங்க சொல்ற வைத்தியத்தை மட்டும் உடனே பண்ணிடாதீங்க. எங்க வலிக்குதுன்னு ஆடுறவங்களுக்கு நல்லாவே தெரியும், எதனால வலிக்குதுன்னு பாக்குறது உங்க வேலை.

முதல்ல ஒரு கணக்கு போடுங்க. விலையை செகண்ட் வருமானத்தால வகுத்தா போட்ட காசு எத்தனை செகண்டுல திரும்பி வரும்னு தெரியும். வலைக்கு 800 செகண்ட், படகுக்கு 500, ட்ராலருக்கு 5,000. பாத்தீங்களா, படகுல இருந்து ட்ராலருக்கு பத்து மடங்கு தாவுது. படகு விலை 15% 15%ஆ ஏறி, காசு திரும்புற நேரம் ட்ராலரோட சமமாகணும்னா 17 படகு வாங்கி முடிக்கணும், அதுவரைக்கும் ட்ராலர் பக்கம் திரும்பிப் பாக்க ஒரு காரணமும் இல்ல, படகு வருமானத்தை மட்டும் எடுத்துக்கிட்டா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒரே பட்டனை அமுக்கிட்டு உக்காந்திருக்கணும், அதுக்கப்புறம் செகண்டுக்கு 170 வீதம் 2 லட்சம் சேர இன்னும் 20 நிமிஷம் சும்மா வேடிக்கை. படகு ஓவர்பவர்னு சொன்னவரும் போர்னு சொன்னவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிருக்காங்க, அவங்களுக்கே அது தெரியாது.

சரி, அவங்க கேட்ட மாதிரியே படகு வருமானத்தைப் பாதியாக்குனா என்ன ஆகும்? 12 படகோட ட்ராலர் லாபமாயிடும், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்போ வருமானம் செகண்டுக்கு வெறும் 60, ட்ராலருக்குக் காசு சேர 55 நிமிஷம்! போர்னு சொன்ன ஆள் அன்னைக்கே டேப்பை மூடிட்டுப் போயிடுவார்.

குக்கி கிளிக்கர்னு பிரபலமான ஐடில் கேம் ஞாபகம் இருக்கும், 2013ல ஆர்ட்டெய்ல்ங்கிற டெவலப்பர் பண்ணது, அதுலயும் இதே 15%தான். அதுல வாங்குற பாட்டி 100 குக்கிக்கு செகண்டுக்கு 1, பண்ணை 1,100க்கு 8, சுரங்கம் 12,000க்கு 47, ஃபேக்டரி 1,30,000க்கு 260. அப்கிரேடு எல்லாம் விட்டுட்டு அடிப்படைக் கணக்கு மட்டும் பாத்தா 100, 137, 255, 500 செகண்ட். ஒரு படிக்கு ரெண்டு மடங்கு தாண்டல. நீங்க அதை அப்படியே காப்பி அடிக்க வேணாம், ஆனா பத்து மடங்கு ஓவர்தான்.

அதனால ட்ராலரைத் தொடுங்க. சிவிலைசேஷன் கேம் பண்ண சித் மையர் சொல்ற பழைய வழி ஒன்னு இருக்கு, ஒரு நம்பர் சரியில்லன்னா ரெண்டு மடங்காக்கு, இல்ல பாதியாக்கு, அஞ்சு பர்சன்ட் அஞ்சு பர்சன்டா நோண்டிட்டு இருக்காதேன்னு. சின்ன கேமுக்கு இது ரொம்பவே பொருந்தும், ஏன்னா ஆடுறவங்க கொஞ்ச பேர்தான், சின்ன மாத்தத்தோட எஃபெக்ட் கண்ணுக்கே தெரியாது. 1 லட்சமாக்குங்க. 12 படகுல ட்ராலர் லாபமாகும், காத்திருப்பு 14 நிமிஷம். அதுவும் நீளமா பட்டா நடுவுல இன்னொரு ஐட்டம் சொருகுங்க, 30,000க்கு செகண்டுக்கு 25 மாதிரி ஏதாவது. ஆனா ரெண்டையும் ஒரே அப்டேட்ல விடாதீங்க, எது வேலை செஞ்சுதுன்னு அப்புறம் தலையைப் பிச்சிக்கணும். ஏற்கனவே 2 லட்சம் குடுத்து வாங்குனவங்களுக்கு வித்தியாசத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க, இல்லன்னா அடுத்த புகார் அதுதான்.

டேப் புகார் இருக்கே, உண்மையில அதைத்தான் முதல்ல சரி பண்ணணும், விலை, வருமான பேலன்ஸ் எல்லாம் அப்புறம். பின்னாடி இருக்குற டேப்புக்கு பிரவுசர் டைமரை மெதுவாக்கிடும், குரோம்ல செகண்டுக்கு ஒரு தடவைன்னு ஆகும், ரொம்ப நேரம் மறைஞ்சிருந்தா நிமிஷத்துக்கு ஒரு தடவை கூட ஆகலாம். நீங்க டைமர் அடிக்கும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட காசைக் கூட்டுற மாதிரி எழுதியிருப்பீங்க. அப்படி எழுதாம, போன தடவைக்கும் இப்பைக்கும் எவ்ளோ நேரம் ஆச்சுன்னு இப்போதைய நேரத்தைத் தர்ற டேட்.நவ் (Date.now()) வச்சு எடுத்து அந்த நேரத்தை வருமானத்தால பெருக்குங்க. போர்னு சொன்னவங்கள்ல சில பேர் இந்த பக்லதான் மாட்டியிருக்கலாம், ட்ராலரைத் தொடுறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிட்டா தெரிஞ்சிடும்.

அடுத்து யாராவது போர்னு சொன்னா ஏன்னு கேக்காதீங்க, அப்போ உங்ககிட்ட எத்தனை படகு இருந்துச்சுன்னு கேளுங்க.