சிவப்புத் தண்ணீரில் ஒளி குறைந்தால் அது நஞ்சு என்று அர்த்தமா?

சேலத்துத் திருமணிமுத்தாற்றுத் தண்ணீரைச் சேர்த்ததும், லூசிஃபெரேஸ் என்ற ஒளி உண்டாக்கும் நொதியின் ஒளி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, நஞ்சு உறுதிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். மாதிரி நல்ல சிவப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் இடிக்கிறது. பாக்டீரியா லூசிஃபெரேஸ் தருவது நீலப்பச்சை ஒளி, ஏறக்குறைய 490 நானோமீட்டர். சிவப்புச் சாயம் அதை விழுங்கிவிடும், நொதி நன்றாகவே இருந்தாலும் ஒளிமானி குறைத்துத்தான் காட்டும்.

சாயத் தண்ணீரை வினைக்குள் ஊற்றாமல், வினை நடக்கும் குப்பிக்கும் ஒளிமானிக்கும் நடுவே தனிக் குப்பியில், அதே நீர்ப்பில் (நீர் கலந்த அதே அளவில்), ஏறக்குறைய அதே தடிமனில் வைத்து அளந்து பாருங்கள். அப்போதும் அதே அளவு குறைந்தால் நிறம்தான் காரணம். கொஞ்சம்தான் குறைகிறது என்றால், மீதிக் குறைவு நொதி அடிவாங்குவதால் வரலாம்.

அதற்கு முன் பி.எச். பாருங்கள். வெள்ளிப்பட்டறைக் கழிவு கலந்திருந்தால் அமிலமே ஒளியை அணைத்துவிடும், பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் 7 பக்கம் கொண்டுவந்துவிட்டு அளக்க வேண்டும். சேலத்து ஏப்ரல் வெயிலில் ஜன்னலோர மேசையில் செய்கிறீர்கள் என்றால், சரி, சொல்லவே வேண்டாம், சூட்டில் நொதி தானாகவே சோர்ந்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்திலேயே காய்ச்சி வடித்த நீரை வைத்து ஒப்பிடுங்கள்.

உச்ச ஒளியை மட்டும் குறித்துக்கொள்ளாமல் நேரத்தோடு ஒளி மாறும் முழு வளைகோட்டையும் பதிவு செய்யுங்கள். தண்ணீரில் குயினோன்கள் என்ற கரிமச் சேர்மங்கள் இருந்தால், ஒளி வினைக்கு எலக்ட்ரான் தரும் என்.ஏ.டி.எச். என்ற மூலக்கூறின் எலக்ட்ரான்களை அவை முதலில் பறித்துக்கொள்வதால் ஒளி தாமதமாகத்தான் எழும், அவை இருப்பதற்கு அந்தத் தாமதம் நல்ல துப்பு. தண்ணீரில் இருப்பது எந்த உலோகம் என்பதை மட்டும் இந்தச் சோதனையிடம் கேட்காதீர்கள், அதற்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானிதான்.