சிப்ஸ் வாங்கும் முன் டிப்ஸை எடுத்து வையுங்கள்

கேள்வி: எனக்குக் காங்கயத்தில் பெயின்ட், ஹார்டுவேர் கடை இருக்குதுங்க. வயது 53. இந்த வருஷம் விற்பனை டார்கெட் முடித்ததற்காகச் சரக்கு கொடுக்கும் கம்பெனியில் என்னையும் வீட்டம்மாவையும் சிங்கப்பூரிலிருந்து 4 ராத்திரி கப்பல் டூர் கூட்டிப் போறாங்க. ஐந்நூறு அறுநூறு பேர் போகிற சின்னக் கப்பல்தான், ஆனால் கேசினோ இருக்குதாம். தீபாவளிக்குச் சொந்தக்காரங்களோடு ரம்மி ஆடியதோடு சரி, கேசினோவைக் கண்ணால் பார்த்ததில்லைங்க. கடையின் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கிலிருந்து ஒரு லட்சம் எடுத்துப் போய், ஜெயிக்கிற காசில் கப்பல் பசங்களுக்கு டிப்ஸ் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். போன வருஷம் போய் வந்த பொள்ளாச்சி நண்பர், "டிப்ஸை அவங்களே பில்லில் ஏத்திடுவாங்க, கவுன்டரில் சொன்னால் எடுத்துடுவாங்க, அந்தக் காசையும் மேசையில் வையுங்க. தோத்தால் அடுத்த ஆட்டத்தில் டபுள் வையுங்க, கடைசியில் நஷ்டமே வராது" என்கிறார். வீட்டம்மாவுக்கு இது சரிப்படவில்லை. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: நான் உங்கள் வீட்டம்மா பக்கம்தானுங்க.

உங்கள் கடைக்குச் சுவருக்குப் பூசும் புட்டி மூட்டை வந்து இறங்குகிறது. இறக்கிய ஆட்களிடம், "இன்றைக்கு வியாபாரம் ஆனால்தான் கூலி" என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள். கப்பல் டிப்ஸும் கூலிதான். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அறையைப் பெருக்கிப் படுக்கை விரித்தவர் அந்த வேலையைச் செய்துவிட்டார். அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் டிப்ஸ் காசு. அதற்கப்புறம் மிச்சமிருந்தால், மனமும் இருந்தால், கேசினோ.

டிப்ஸ் எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான கப்பல்களில் கணக்கு அமெரிக்க டாலரில்தான் ஓடும். சேவைக் கட்டணம் என்ற பெயரில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை அறைக் கணக்கில் தானாக ஏறும். 16 டாலர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு 4 நாளைக்கு 128 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று கொண்டால் 11,520 ரூபாய். சின்னக் கப்பல்களில் இது ஒரே மாதிரி இருப்பதில்லை. விலை கூடிய சில கப்பல்களில் டிப்ஸ் டிக்கெட்டிலேயே அடக்கம். சிலவற்றில் எதுவும் ஏற்றாமல், கடைசி ராத்திரி கவரில் போட்டுக் கொடுங்கள் என்பார்கள். உங்களுடையது கம்பெனி டூர் என்பதால் டிப்ஸை முன்கூட்டியே கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கம்பெனி ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சி நண்பர் சொன்னது பாதி உண்மை. பல கப்பல்களில் கவுன்டரில் கேட்டால் அந்தத் தொகையை எடுத்துவிடுவார்கள். ஆனால் அது யாருடைய பணம் என்று பாருங்கள். உங்கள் அறையைப் பார்த்துக்கொள்பவர், சாப்பாடு பரிமாறுபவர், நீங்கள் கண்ணிலேயே பார்க்காத துணி துவைக்கும் ஆள் வரைக்கும் பிரிந்து போகிற பணம் அது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் நாடு என்று பல ஊர்களிலிருந்து வந்து, மாதக்கணக்கில் வீட்டு முகம் பார்க்காமல் வேலை செய்கிறவர்கள். நான் போன கப்பலில் ஒருவர் காலையில் கவுன்டரில் நின்று டிப்ஸை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி அதே ஆள் ஒரே எண்ணில் 100 டாலர் வைத்ததைப் பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. சேவை சரியில்லை என்றால் புகார் சொல்லுங்கள், தப்பில்லை. சூதாடக் காசு வேண்டும் என்பதற்காக அடுத்தவர் கூலியை எடுக்க வேண்டாம்.

இன்னொரு பக்கம், தெரியாமல் இரண்டு தடவை கொடுக்கிறவர்களும் உண்டு. பாரில் ஒரு ஜூஸ் வாங்கினாலும் 18 அல்லது 20 சதவீதம் சேவைக் கட்டணம் அந்தச் சீட்டிலேயே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு காலிக் கோடு இருக்கும். காலியாக விட்டால் மரியாதையில்லை என்று நினைத்து நம் ஆட்கள் எதையாவது எழுதிவிடுகிறார்கள். கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறையைப் பார்த்துக்கொண்டவருக்குத் தனியாகக் கொடுக்க ஆசைப்பட்டால் கடைசி ராத்திரி 10, 20 டாலரைக் கையில் கொடுத்து நன்றி சொல்லுங்கள். டிப்ஸ் கவரை உங்கள் வீட்டம்மாவே வைத்திருக்கட்டும். அவர் கைப்பையிலிருந்து அது மேசைக்குப் போகாது.

இனி அந்த ஒரு லட்சம். ஓடி என்பது கடைக்குச் சரக்கு எடுக்க பாங்க் கொடுக்கிற பணம். நாளுக்கு நாள் வட்டி ஓடுகிறது. கேசினோவில் கழியும் காசுக்கு ஊர் வந்த பிறகும் வட்டி கட்ட வேண்டியிருக்கும். அதிலிருந்து பத்து ரூபாய்கூட வேண்டாம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது எவ்வளவோ அதிலிருந்து எடுங்கள்.

அப்புறம் மேசைக் கணக்கு. ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று காசு வைக்கும் ஆட்டம். சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஒரே எண்ணில் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு 35 லாபம். 37 எண்ணிலும் ஒவ்வொரு டாலர் வைத்தீர்கள் என்றால் உள்ளே போவது 37, கைக்கு வருவது 36. அந்த ஒரு டாலர்தான் கேசினோக்காரரின் வருமானம், அதாவது 2.7 சதவீதம். எண்ணை விட்டுவிட்டு, குழியின் நிறம் சிவப்பு, கறுப்பு என்று வைத்தாலும் இதே பிடித்தம்தான். சில சக்கரங்களில் பூஜ்யத்தோடு இரட்டைப் பூஜ்யமும் இருக்கும், அங்கே பிடித்தம் 5.26 சதவீதம். உட்காரும் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் காசு கரைவது பட்டனை அமுக்கி ஆடும் ஸ்லாட் மெஷினில்தான். ரூலெட்டில் ஒரு சுற்றுக்கு 10 டாலர், மணிக்கு 40 சுற்று என்றால் சராசரியாக 11 டாலர் போகும். மெஷினில் ஒரு அமுக்குக்கு ஒரே ஒரு டாலர்தானே என்று தோன்றும். 6 விநாடிக்கு ஒருமுறை அமுக்கினால் மணிக்கு 600 டாலர் உள்ளே போய் வருகிறது. அதில் நூற்றுக்குப் பத்து பிடிக்கும் மெஷின் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 60 டாலர் போய்விடும். ஒரு டாலர் ஆட்டம் பத்து டாலர் ஆட்டத்தைவிட ஐந்து மடங்கு செலவு வைக்கிறது, வேகம்தான் காரணம்.

21-ஐத் தாண்டாமல் சீட்டு சேர்க்கும் பிளாக்ஜாக் ஆடுவதானால் மேசைத் துணியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 10 டாலருக்கு 15 கொடுக்கும் மேசையும் உண்டு, 12 மட்டும் கொடுக்கும் மேசையும் உண்டு. சின்னக் கப்பலில் ஒன்றிரண்டு மேசைதான் இருக்கும். 12 கொடுக்கிற மேசை மட்டும் இருந்தால் ஆடாமல் எழுந்து வந்துவிடலாம்.

தோற்றால் டபுள் வைப்பது பற்றிக் கேட்டீர்கள். இதில்தான் எனக்கு உண்மையாகவே பயம். 10, 20, 40, 80, 160, 320 என்று சிவப்பில் வைத்து ஆறு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 630 டாலர், நம் பணத்தில் 56,700 ரூபாய். ஏழாவது தடவை 640 வைக்க வேண்டும். உங்கள் லட்சம் ரூபாய் 1,111 டாலர் என்றால் கையில் மிச்சம் 481தான், வைக்க முடியாது. காசு இருந்தாலும் மேசையில் அதிகபட்சத் தொகை என்று ஒரு பலகை நிற்கும். அது 500 என்றால் 640-ஐ வாங்க மாட்டார்கள். ஆறு தொடர்ந்து வருமா என்பீர்கள். 10 டாலரில் புதிதாகத் தொடங்கும் 55 தடவையில் ஒரு தடவை வரும். தினம் இரண்டு மணி நேரமாக மூன்று ராத்திரி உட்கார்ந்தால் நீங்கள் நூறு தடவைக்கு மேல் புதிதாகத் தொடங்குவீர்கள். அந்தப் பள்ளத்தில் விழாமல் ஊர் வருவதுதான் அபூர்வம். இத்தனையும் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு தடவைக்கும் கிடைக்கும் 10 டாலர் லாபத்துக்காக.

ஆடித்தான் பார்க்க வேண்டும் என்றால் ராத்திரிக்கு 50 டாலர், மூன்று ராத்திரிக்கு மூன்று கவர், மொத்தம் 13,500 ரூபாய். 5 டாலர் மேசை இருந்தால் 50 டாலரில் பெரும்பாலும் ஒரு மணி நேரம் உட்காரலாம். முதல் ராத்திரி கவர் தீர்ந்தால் இரண்டாவதைப் பிரிக்கக் கூடாது. அறைச் சாவி கார்டைக் கேசினோவில் தேய்க்கவே வேண்டாம். அது அறைக் கணக்கில் ஏறி, கடைசியில் உங்கள் கிரெடிட் கார்டில் வந்து நிற்கும். லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளில் தடை இருக்கிறது, சர்வதேச கார்டுக்கும் அது பொருந்தும். பாங்க் கேள்வி கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதுதான் எல்லா விதத்திலும் சுத்தமான வழி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெயித்தால்? வெளிநாட்டில் ஜெயித்தாலும் இங்கே குடியிருப்பவருக்கு இங்கே வரி உண்டு. 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம். தோற்றதைக் கழிக்க வழியில்லை. ஒரு ராத்திரி 40,000 ஜெயித்து அடுத்த ராத்திரி 50,000 தோற்றால் கையில் 10,000 குறைவு, ஆனால் அந்த 40,000-க்கு 12,480 ரூபாய் வரி. இந்த டூரே உங்களுக்கு வருமானம்தான். 2022 ஜூலை 1 முதல், வியாபாரத்துக்காகக் கொடுக்கும் இப்படிப்பட்ட சலுகை வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் கட்ட வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

மேசையில் எப்படி நடந்துகொள்வது என்பதில் பயப்பட ஒன்றுமில்லை. உங்களைக் கம்பெனிக்காரர்கள் டீலர் என்பதுபோல, சீட்டுப் போடுபவரையும் அங்கே டீலர் என்றுதான் சொல்வார்கள். பணத்தை அவர் கையில் நீட்டாதீர்கள், மேசைமேல் வையுங்கள். அவர் நோட்டுகளை விரித்துக் காட்டிவிட்டுத்தான் சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலான வில்லைகளை, தள்ளுவார். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள், யாருக்கும் தெரியக் கூடாது. இங்கே நேர் எதிர், எல்லாம் மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரிய வேண்டும். பிளாக்ஜாக்கில் சீட்டு வேண்டும் என்றால் வாயால் சொன்னால் போதாது, மேசையில் விரலால் தட்ட வேண்டும். வேண்டாம் என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். போனை எடுக்காதீர்கள். நான் பார்த்த மேசையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தார். வேலை மாறும்போது இரண்டு கையையும் மெல்லத் தட்டி, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் எழுந்தார். கையில் எதுவும் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்பதற்காக.

பில்லில் ஏறும் சேவைக் கட்டணம் பெரும்பாலும் இவர்களுக்குப் போகாது. அதனால் எழும்போது 5 டாலர் சிப் ஒன்றை மேசைமேல் தள்ளி, "இது உங்களுக்கு" என்று சொல்லுங்கள், போதும். தோற்றிருந்தாலும் கொடுங்கள், சீட்டு எப்படி விழுந்தது என்பதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. சின்னக் கப்பலில் அதே முகத்தை மறுநாள் படிக்கட்டில் பார்ப்பீர்கள். ராத்திரிக்கு ஒன்றாக அந்த மூன்று சிப்பையும் கவருக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டூர் வந்த கடைக்கார நண்பர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சிப்ஸ் கைமாத்துக் கேட்டால், "காசு வீட்டம்மாவிடம் இருக்குதுங்க" என்று சொல்லிவிடலாம்.

கப்பல் கரையில் நிற்கும்போது கேசினோ மூடியிருக்கும். சிப்ஸை ஊருக்குக் கொண்டுவந்து பயனில்லை, கடைசி ராத்திரி மூடும் முன் மாற்றிவிடுங்கள். ரூலெட்டில் கொடுக்கும் கலர் சிப்ஸ் அந்த மேசையில் மட்டும்தான் செல்லும், எழும்போதே மாற்ற வேண்டும். அறைக் கணக்குப் பிரதியையும் அன்று ராத்திரியே கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். இறங்குகிற அன்று காலையில் அங்கே நீள வரிசை நிற்கும். கம்பெனி ஏற்கெனவே கட்டிய டிப்ஸ் மறுபடியும் ஏறியிருக்கிறதா, நீங்கள் கோடு போட்டு அடித்த சீட்டில் ஏதாவது தொகை சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.