அலுமினிய லாரி பாடி: வாங்கும் முன் தெரிய வேண்டிய குறைகள் (கேள்வி பதில்)

கேள்வி: அலுமினியம் ஸ்டீலின் எடையில் மூன்றில் ஒரு பங்குதானே? பாடியின் எடை ஏன் அந்த அளவு குறைவதில்லை?

பதில்: விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். ஸ்டீலுக்கு 200 ஜிகாபாஸ்கல் (விறைப்பின் அலகு), அலுமினியத்துக்கு 70. தகட்டைத் தடிமனாக்கி, குறுக்குச் சட்டங்களின் உயரத்தைக் கூட்டினால்தான் தாங்கும். மிச்சமான எடையில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.

கேள்வி: துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். போல்ட்டைச் சுற்றி பெயிண்ட் உப்பி, உள்ளே வெள்ளைப் பொடியாக இருக்கிறதே?

பதில்: துரு வராது, அரிப்பு வரும். ஸ்டீலும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் நின்றால் அது ஒரு மின்கலம். அதில் கரைவது அலுமினியம்தான். போல்ட்டைக் கழற்றி, பொடியை ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, ஓட்டையின் உள்விளிம்பு வரை பிரைமர் அடியுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட், வாஷர் போட்டு, விளிம்பை சீலன்ட்டால் அடையுங்கள். சேஸிஸ் மேல் பாடி உட்காரும் இடத்தில் ரப்பர் பட்டை வேண்டும். அலுமினியத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்து ஸ்டீலை வெறுமனே விடுவது பலர் செய்யும் தவறு. பெயிண்டில் சின்னக் கீறல் விழுந்தாலும் அரிப்பு மொத்தமும் அங்கே குவிந்து ஓட்டை போட்டுவிடும்.

கேள்வி: வெல்டிங் ஓரத்திலேயே திரும்பத் திரும்ப விரிசல். வெல்டர் சரியில்லையா?

பதில்: அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 6061-டி6 என்ற அலுமினியக் கலவை ரகத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் ஏறக்குறைய 40 சதவீத வலுவை இழக்கும். போதாததற்கு, சின்னச் சின்ன அதிர்வின் பாதிப்பும் அலுமினியத்தில் சேர்ந்துகொண்டே போகும். விரிசல் முனையில் 6 மி.மீ. துளை போட்டு, வி வடிவப் பள்ளம் வெட்டி, ஆக்சைடைச் சுரண்டிவிட்டு ஆர்கான் வாயுவில் வெல்டிங் செய்ய வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலிருக்கும் ஆக்சைடு 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். சுரண்டாமல் வைத்தால் பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது.

கேள்வி: நசுங்கலை வழக்கமான டிங்கரிங் பட்டறையில் எடுக்கலாமா?

பதில்: அலுமினியத்துக்கென்று தனிக் கருவி வைத்திருந்தால் மட்டும். ஸ்டீல் தேய்த்த டிஸ்க்கைப் போட்டால் இரும்புத்தூள் பதிந்து, பெயிண்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கும். குளிர்ந்த தகட்டை அடித்தால் கீறும். ஹீட் கன்னால் மிதமாகச் சூடேற்றிக்கொண்டே தூக்க வேண்டும். 2015 ஃபோர்டு எஃப்-150 போன்ற அலுமினிய பாடிகளில் ரிவெட்டும் பசையும் சேர்ந்த இணைப்பு என்பதால் ரிவெட் கருவியும் தேவை.

கேள்வி: கருங்கல் ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். தேய்மானம் தாங்கும் ஸ்டீல் 450 பிரினெல் (உலோகக் கடினத்தின் அளவு), டிப்பருக்குப் போடும் அலுமினியம் பெரும்பாலும் 100-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். தானியத்துக்குத் தாராளமாகப் போடலாம்.