வினிகரோடு சோடாவைச் சேர்க்காதீர்கள்

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். பாத்ரூம் குழாய், ஷவர், டைல்ஸ் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. கைக்குழந்தை இருப்பதால் ஆசிட் வாங்கப் பயம். வீடியோ பார்த்து வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது, கறை மட்டும் அப்படியே இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்? பித்தளை விளக்கு, தரை இதற்கெல்லாம் சமையலறைப் பொருளே போதுமா?"

ஆசிட் வாங்காமல் விட்டது நல்லது. அது கறையோடு குழாயின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்குச் சிமென்டையும் சேர்த்தே தின்றுவிடும். நீங்கள் செய்த தப்பு அந்தப் பொங்கலில் இருக்கிறது.

உப்புக் கறை என்று நாம் சொல்வது பெரும்பாலும் சுண்ணாம்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதேதான். அதைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். வினிகர், எலுமிச்சை, புளி எல்லாம் அந்த வகை. ஆப்ப சோடா இதற்கு நேர் எதிர். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். கடையில் வாங்கும் வினிகர் 100 மில்லியில் இருக்கும் அமிலம் சுமார் 4 கிராம். ஒரு டீஸ்பூன் சோடா அதை ஏறக்குறைய முழுசாகக் காலி செய்துவிடும். நுரையாக வெளியே போனது கரியமில வாயு, மிஞ்சியது உப்புக் கரைசல். அதை ஊற்றிக் கறை போகவில்லை என்றால் வியப்பில்லை. பார்க்க ஜோராக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, இனி குழாயைப் பார்ப்போம். வினிகரை மட்டும் லேசாகச் சூடாக்குங்கள், கொதிக்க வேண்டாம். பழைய பனியன் துணியை அதில் முக்கி, குழாயின் கழுத்தில் சுற்றிவிடுங்கள். அரை மணி நேரம் போதும். துணியை எடுத்ததும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கல் மாதிரி இருந்த கறை ஈர மாவு போல வழிந்து வரும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கறை தடிமனாக இருந்தால் ஒரே நாளில் ராத்திரி முழுக்க ஊறவிடாமல், இரண்டு மூன்று நாள் இதே மாதிரி செய்யுங்கள். குரோம் பூச்சு உரிந்த இடத்திலும், கறுப்பு, தங்க நிறப் பூச்சுள்ள குழாயிலும் இதைச் செய்யாதீர்கள்.

ஷவரைக் கழற்ற வராவிட்டால், ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் முங்குகிற மாதிரி ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். அதற்கும் ஒரு மணி நேரம் போதும். பிறகு தண்ணீரைத் திறந்தால் அடைத்திருந்த துளைகளிலிருந்து வெள்ளைத் துகள்கள் கொட்டும். வீடு முழுக்கச் செய்ய வினிகர் கட்டுப்படியாகாது. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்றோ எலுமிச்சை உப்பு என்றோ கேளுங்கள். அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டால் வினிகர் செய்யும் வேலையை அதுவும் செய்யும், நாற்றமும் இல்லை. பெயரில் ஆசிட் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், எலுமிச்சையில் இருக்கிற புளிப்புதான் அது. ஆனாலும் பொட்டலத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

டைல்ஸில் தெளிப்பதற்கு முன்னால் சுவரைத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். இடுக்குச் சிமென்ட் முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டால் புளிப்பை அதிகம் உறிஞ்சாது. பத்து நிமிடத்தில் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

சோடாவுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. அடுப்படிச் சுவரிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையிலும் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு உரியது. வெந்நீரில் கரைத்துத் துடையுங்கள். முரட்டுப் பிசுக்குக்கு வாஷிங் சோடா, கையுறையோடு. ஆனால் அலுமினியத்தில் அது படக்கூடாது, கறுத்துப் போகும்.

பித்தளை விளக்குக்குப் புளியை மிஞ்ச எதுவும் இல்லை. எல்லோரும் தேய்ப்பதில் காட்டுகிற அக்கறையைக் கழுவுவதில் காட்டுவதில்லை. புளியைத் தடவி ஊறவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், பித்தளையில் இருக்கிற துத்தநாகம் கரைந்து விளக்கு செம்பு மாதிரி சிவப்படிக்கும். தேய்த்தோமா, கழுவினோமா என்று இருக்க வேண்டும். போர் தண்ணீர் அப்படியே காய்ந்தால் அதிலும் புள்ளி விழும், உடனே துணியால் ஒற்றி எடுங்கள். கடைசியில் ஒரு சிட்டிகை விபூதியைக் காய்ந்த துணியில் தொட்டுத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். அரக்குப் பூச்சு போட்ட அலங்கார விளக்கை மட்டும் ஈரத் துணியால் துடைப்பதோடு விட்டுவிடுங்கள்.

தரைக்கு வருவோம். இங்கேதான் நான் பிடிவாதக்காரி. எங்கள் வீட்டுச் சமையலறை மேடை கடப்பாக் கல். ஒருநாள் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சு மும்முரத்தில் மறந்துபோனேன். மறுநாள் எடுத்தால் ஒரு ரூபாய் அளவுக்கு வெளுத்த வட்டம். அது இன்னும் இருக்கிறது. கடப்பா, மார்பிள் இரண்டுமே சுண்ணாம்பு இனத்துக் கற்கள். குழாயில் இருந்த கறையைக் கரைத்த அதே புளிப்பு கல்லையும் கரைக்கும். மொசைக், ஆத்தங்குடிக் கல் இரண்டிலும் சிமென்ட் இருக்கிறது, அவற்றுக்கும் இதே கதிதான். இந்தத் தரைகளுக்குப் பூந்திக்கொட்டை போதும். ஏழெட்டுக் கொட்டையை விதை நீக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் கலந்து துடையுங்கள். வெறும் டைல்ஸ் தரை என்றால் கவலையில்லை.

குழந்தை இருக்கிற வீடு என்பதால் இன்னொன்று. வினிகரோ எலுமிச்சையோ கிருமியை நம்பிக்கையாகக் கொல்லாது. கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடர் போடுவீர்களானால், அதே நாளில் அங்கே புளிப்பு எதையும் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஆசிட் பாட்டில் வேண்டாம் என்று பயந்த வீட்டில் அது நடக்கக் கூடாது இல்லையா?

போர் தண்ணீர் இருக்கிறவரை கறை திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் நின்று காய்ந்தால்தான் படியும் என்பதால், கடைசியாகக் குளிப்பவர் குழாயையும் சுவரையும் ஒரு துணியால் துடைத்துவிட்டு வரட்டும். எங்கள் வீட்டில் கடைசியாகக் குளிப்பது நான்தான், அதனால் சண்டை இல்லை.