விடுதலையான மகனுக்கு எதிராக மேன்முறையீடு: பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: என் மகன் 2 கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருந்ததாகப் பிடித்து, மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பொதி கைமாறிய விதம் பற்றிப் பொலிஸார் சொன்ன சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று நீதிபதி விடுதலை செய்துவிட்டார். இப்போது கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்திருக்கிறாராம். மகனைத் திரும்பவும் மறியலில் போடுவார்களா? கோட்டடியில் பழக்கமான ஒருவர், கொழும்பில் தனக்கு ஆள் இருப்பதாகவும் 3 இலட்சம் தந்தால் ஃபைலை அமத்தலாம் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

பதில்: அம்மா, அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வந்திருப்பது அறிவித்தல், பிடியாணை அல்ல. உங்கள் மகன் இன்றைக்கும் விடுதலையான மனிதர்தான். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வழக்குப் போட முடியாதே என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அந்த விதி இங்கே உதவாது. மேன்முறையீடு புது வழக்கு அல்ல, அதே வழக்கின் அடுத்த கட்டம். விடுதலைத் தீர்ப்புக்கு எதிராக மேலே போக சட்டமா அதிபருக்குச் சட்டத்தில் இடமுண்டு.

மேன்முறையீட்டு நீதிமன்றம் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். மனுவைத் தள்ளலாம், திரும்ப விசாரிக்கச் சொல்லி மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், அல்லது தானே குற்றவாளி என்று கண்டு தண்டிக்கலாம். போதைப்பொருள் சட்டத்துக்கு 1984 ஆம் ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. 1976 க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் தீர்ப்பு எழுதப்பட்டவர்கள் சிறையிலேயே கிடக்கிறார்கள். ஆகவே இதை அலட்சியமாக எடுக்க வேண்டாம்.

அதற்காக நடுங்கவும் வேண்டாம். சாட்சி சொன்னவர்களை நேரில் பார்த்தவர் மட்டக்களப்பு நீதிபதி. கொழும்பில் இருப்பவர்கள் பார்ப்பது தட்டச்சு செய்த தாளை. அதனால் விடுதலைத் தீர்ப்பை அவ்வளவு இலேசில் மாற்றமாட்டார்கள். உங்கள் மகனின் தீர்ப்பு நிற்கும் காரணமும் பலமானது. பொருளைப் பிடித்த இடத்திலிருந்து பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் கைக்குப் போகும்வரை, யார் நிறுத்தார், எந்தத் தராசில் நிறுத்தார், யார் முத்திரை வைத்தார், யாரிடம் ஒப்படைத்தார், எந்தப் பதிவேட்டில் என்ன இலக்கம் போட்டார் என்பதெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட வேண்டும். 1998 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் உள்ள ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பை இதற்காகவே சட்டத்தரணிகள் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். பகுப்பாய்வாளர் ஹெரோயின் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அவர் பார்த்த பொதி உங்கள் மகனிடம் எடுத்த அதே பொதிதானா என்பதுதான் கேள்வி.

இனி அந்த 3 இலட்சம். கல்முனையானாலும் மட்டக்களப்பானாலும் நீதிமன்ற வாசல் தேநீர்க் கடைகளில் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். கறுப்பு அங்கி இல்லை, ஆனால் எல்லாச் சட்டத்தரணிகளின் பெயரும் வாயில் வரும். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு ஃபைலை யாரும் ‘அமத்த’ முடியாது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட நீதிபதிகள் சேர்ந்திருந்து கேட்கிறார்கள். பதிவாளரிடம் பிரதி, சட்டமா அதிபர் திணைக்களத்தில் இன்னொரு பிரதி. அந்த ஆள் செய்வது ஒன்றே ஒன்று. எப்படியும் வழக்கு இழுபடும் என்று அவருக்குத் தெரியும். வழக்கு ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு முறையும் ‘நான்தான் நிறுத்தினேன்’ என்று சொல்லி இன்னும் ஐம்பதாயிரம் வாங்குவார். இலஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். விடுதலையான பிள்ளைக்காக நீங்கள் ஒரு குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டுமா? வெற்றுத்தாளில் கையொப்பமும் போடாதீர்கள். தீர்ப்பின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை அந்த ஆளின் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிறகு அதைத் திரும்பப் பெறவும் காசு கேட்பார்.

இன்னொரு யோசனையும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்: ‘அவனைக் கட்டாருக்கு அனுப்பிவிட்டால் என்ன?’ வேண்டாம். அறிவித்தல் கைக்கு வந்த பிறகு நாட்டைவிட்டுப் போனால், மகனே தன்மேல் சந்தேகத்தை வரவழைத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு விடயத்தை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். ‘14 நாள் போய்விட்டால் கேஸ் முடிந்தது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு மனுவை, தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அதே மேல் நீதிமன்றப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்குப் பார்க்க வேண்டியது மனு கொடுத்த நாள். உங்களுக்குக் கடிதம் வந்த நாள் அல்ல. மனு மட்டக்களப்பில் நேரத்துக்குக் கொடுக்கப்பட்டு, கடிதம் ஒன்றரை வருடம் கழித்து வந்தால் நீங்கள் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. மனுவில் உள்ள திகதி முத்திரையைச் சட்டத்தரணி பார்க்கட்டும். பிந்தியிருந்தால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபனை. ஆனால் வந்திருப்பது மேன்முறையீடா, மீளாய்வு மனுவா (கீழ் நீதிமன்றத் தீர்ப்பைத் திரும்பப் பார்க்கும்படி மேல்மன்றத்தைக் கேட்கும் வேறொரு வழி) என்பதையும் பார்க்க வேண்டும். மீளாய்வுக்கு இத்தனை நாள் என்ற கணக்குச் சட்டத்தில் இல்லை. விசேட சூழ்நிலை இருக்கிறது என்றும், தாமதம் ஏன் என்றும் அவர்கள் காட்டினால் போதும். கடிதத்தில் இருப்பது மீளாய்வு என்றால் 14 நாள் கதை செல்லாது. அப்போது தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்பதுதான் உங்கள் ஆயுதம்.

தமிழ் நிருவாக மொழியாக இருக்கும் மாகாணத்துத் தாய்க்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்புவது எந்த நியாயம்? தமிழில் நடந்த வழக்கின் ஏடு கொழும்பில் வாசிக்கப்படுவதற்கு மொழிபெயர்க்கப்பட வேண்டும், அதற்கே மாதக்கணக்கு. மேன்முறையீட்டு நீதிமன்றம் கொழும்பில் மட்டும். மட்டக்களப்பிலிருந்து இராப் பஸ்ஸில் ஏறி விடிய இறங்கினால், பிறிதொரு திகதி என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். இந்தத் தாமதங்கள்தான் அந்தத் தேநீர்க் கடைக்காரருக்குச் சோறு போடுகின்றன.

இந்த வாரமே கடிதத்தையும் தீர்ப்பின் பிரதியையும் கொண்டு, மட்டக்களப்பு வழக்கு விசாரணையில் வாதாடிய அதே சட்டத்தரணியிடம் போங்கள். குறுக்கு விசாரணையில் பொலிஸார் எங்கே தடுமாறினார்கள் என்பது அவருக்குத் தெரியும். கொழும்பில் தோன்றும் சட்டத்தரணிக்கு அவர் அந்தப் பக்கங்களைக் குறித்துக் கொடுக்கட்டும். மேன்முறையீட்டில் பொதுவாகப் புதுச் சாட்சி கேட்பதில்லை, ஏட்டில் உள்ளதை வைத்தே எழுத்துமூலச் சமர்ப்பணம் போகும். கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்கு வருமான விபரத்தோடு போங்கள். கடிதத்தில் உள்ள திகதியில் உங்கள் தரப்பில் ஒருவர் அந்த மன்றில் நிற்பதை உறுதிசெய்துவிட்டு, அடுத்த திகதியை அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.