தபால்தலை வரையும் பெண்ணை எதில் சேர்ப்பது?

கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் மகள் "ஸ்டாம்ப் டிசைனராகத்தான் ஆவேன்" என்று பிடிவாதமாக நிற்கிறாள், சொந்தக்காரர்கள் நர்சிங்கில் போடு, பி.காமில் போடு என்கிறார்கள், எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே அவள் தபால்தலைக்கென்று வரைந்த நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணுக்குக் கை இருக்கிறது அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தபால்தலை மட்டுமே வடிவமைத்துப் பிழைப்பவர்கள் நாடு முழுக்கத் தேடினாலும் மிகச் சிலர்தான். யாருக்குச் சிறப்புத் தபால்தலை வெளியிடலாம் என்பதை அஞ்சல் துறையின் ஆலோசனைக் குழு பரிந்துரைக்கிறது. பொதுவாக உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடையாது. 1960-ல் பொறியாளர் விசுவேசுவரய்யா, 2013-ல் சச்சின் என்று சில விதிவிலக்குகள் உண்டு. அதன்பிறகுதான் வடிவமைப்பு, ஒப்புதல், அச்சகம் எல்லாம். இதற்கென்று தனிப் பட்டப்படிப்பும் இல்லை, வருடா வருடம் ஆளெடுப்பும் இல்லை. இதை நம்பி மட்டும் அவளை அனுப்பாதீர்கள்.

ஆனால் அவள் ஆசைப்படும் வேலைக்குள் இருக்கும் திறமை வேறு. அதற்கு நிறைய இடங்களில் தேவை இருக்கிறது. அது என்ன என்று அவள் படத்தை வைத்தே காட்டுகிறேன்.

அவள் ஏ4 தாளில் வரைந்திருக்கிறாள். நான் அதை 39 மில்லிமீட்டருக்கு 29 என்ற அளவில் பிரிண்ட் எடுத்தேன். நம் சிறப்புத் தபால்தலைகளில் பல இந்த அளவுதான். கழுத்துச் சங்கிலி, விரல் மோதிரம், சட்டை மடிப்பு என்று அவள் மணிக்கணக்கில் செய்த நுணுக்கமெல்லாம் ஒரு சாம்பல் திட்டாகிவிட்டது. நாயனத்தை முழுசாகக் காட்டியதால் முகம் மிளகளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னும் நாட்டின் பெயர், விலை, கலைஞரின் பெயர் எல்லாம் இந்தி, ஆங்கிலம் என்று இரண்டு மொழிகளில் வர வேண்டும். அதற்கு இடமே இல்லை. வாயில் வைத்து ஊதும் சீவாளி உதட்டில் படும் இடத்தையும் மேல்துளைகளில் நிற்கும் விரல்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினால் என்ன ஆகும் என்று அவளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எதை விடுவது என்று தெரிவதுதான் இந்தத் தொழில்.

இன்னொன்று. அவள் வரைந்திருப்பது பிள்ளையின் கடைசிக் காலத் தோற்றம், கையில் இருப்பதோ குட்டையான திமிரி நாயனம். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி அவருக்காக நீளமான பாரி நாயனம் செய்து கொடுத்தது 1950-களின் நடுவில். அவரை அந்த வயதுத் தோற்றத்தில் வரைந்தால் பாரிதான் பொருந்தும். நரசிங்கம்பேட்டை உங்களுக்கு பஸ்ஸில் போய் வரும் தூரம். ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். நாயனத்துக்காக ஆச்சா மரத்தைக் கடைவதைப் பார்க்கட்டும், நாயனத்தைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும், அளவு குறித்துக்கொள்ளட்டும். ஒரு கலைஞரைக் கௌரவிக்க வரைகிறவர் அவர் கருவியைத் தப்பாக வரையக் கூடாது. அந்தக் கலைஞரின் வீட்டார் கண்ணில் அதுதான் முதலில் படும்.

பழைய தபால்தலைகளையும் பார்க்கட்டும். ரவிவர்மாவுக்கு 1971-ல் வந்ததில் அவருடைய தமயந்தியும் அன்னமும் இருக்கிறார்கள். 1978-ல் அம்ரிதா ஷெர்கிலின் மலைவாழ் பெண்கள் ஓவியம் தபால்தலை ஆனது. ஓவியருக்கு அவர் ஓவியத்தையே போட்டுவிடலாம். பாடுகிறவர், ஆடுகிறவர், வாசிக்கிறவர் என்றால்தான் கஷ்டம். 2005-ல் எம்.எஸ். அம்மாவுக்கும், 2010-ல் வீணை தனம்மாள், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, இதே ராஜரத்தினம் பிள்ளை மூவருக்கும் தபால்தலை வந்தது. அவற்றை வாங்கி, வடிவமைத்தவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கல்லூரி நேர்முகத்துக்கு அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போகலாம்.

படிப்புக்கு வருகிறேன். அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்புக் கழகத்தின் (என்.ஐ.டி.) பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்பு நான்கு வருடம், அதற்கு டாட் என்ற நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி.க்களில் பி.டெஸ். சேர யூசீட் என்ற தேர்வு; பிளஸ் டூவில் எந்தக் குரூப்பும் எழுதலாம், ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு முறைதான். இரண்டிலும் போட்டி கடுமை. அதனால் கும்பகோணம், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிகளின் பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டப்படிப்பை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். காட்சித் தகவல் வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்) பிரிவு அவளுக்குச் சரியாக இருக்கும். சென்னைக் கல்லூரி 1850-லிருந்து நடக்கிறது. அங்கே அச்சுக்கலைத் துறையும் உண்டு. கட்டணம் தனியார் டிசைன் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியாரில் சேர்க்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

படித்து முடித்தால் பதிப்பகம், பேக்கேஜிங், லோகோ, ஆப் ஐகான் என்று சின்ன இடத்தில் பெரிய விஷயத்தைச் சொல்லும் வேலைகள் இருக்கின்றன. அரசு நாணயச்சாலைகள் பி.எஃப்.ஏ. படித்தவர்களைச் செதுக்குநர் பணிக்கு எடுத்திருக்கின்றன. தபால்தலையையும் அவள் விட வேண்டியதில்லை. குழந்தைகள் தினம் போன்ற சமயங்களில் அஞ்சல் துறை வடிவமைப்புப் போட்டி வைக்கும்போது கலந்துகொள்ளட்டும்.

நுழைவுத் தேர்வு விண்ணப்பங்கள் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி வரும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள். நரசிங்கம்பேட்டை போய் வந்தபிறகு அவள் திரும்ப வரைவதை எனக்கு அனுப்புங்கள். இந்த முறை 39-க்கு 29-லேயே வரையட்டும்.