மந்திரி ஏன் பேசவில்லை?

அன்புள்ள சார்,

என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் ஆண்டு விழாவில் மனுநீதிச் சோழன் நாடகம் போட்டார்கள். அவனுக்கு மந்திரி வேஷம். மொத்தமே ஐந்து வசனம். ஒரு மாதமாகக் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

விழா அன்று காலையிலிருந்தே சாப்பிடவில்லை. மூன்று மணிக்கே மேக்கப் போட்டு வகுப்பறையில் உட்கார வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வர நேரமாகி, நாடகம் தொடங்கும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. முதல் மூன்று வசனத்தையும் நன்றாகத்தான் சொன்னான். அப்புறம் ராஜாவாக நடித்த பையன் இரண்டு வரியை விட்டுவிட்டு நேராக, "இளவரசன் மேல் தேரை ஏற்றுங்கள், மந்திரி!" என்றான். இவன் அப்படியே நின்றுவிட்டான். டீச்சர் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது எங்களுக்கெல்லாம் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. கூட்டம் சிரித்தது. பசு வேஷம் போட்ட பிள்ளை என்ன நினைத்ததோ, மறுபடியும் போய் மணியை அடித்துவிட்டது.

யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். இனிமேல் மேடைப் பக்கமே போக மாட்டேன் என்கிறான். "கூச்ச சுபாவம் உள்ள பையனை ஏன் ஏற்றினாய்?" என்று அவன் அப்பா என்னைத் திட்டுகிறார். விட்டுவிடலாமா, திரும்பவும் ஏறச் சொல்லலாமா?

ஒட்டுமீசை ஒட்டிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. அதற்கும் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

க., தேனி மாவட்டம்

அன்புள்ள க.,

பசு மறுபடி மணி அடித்த இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மேடைப் புத்தி இருக்கிறது. நாடகம் நின்றுபோச்சு, யாராவது எதையாவது செய்தாக வேண்டும் என்று அந்த மேடையில் தோன்றியது பசுவுக்கு மட்டும்தான்.

உங்கள் மகன் பயத்தால் நின்றுவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயம் மூன்று மணியிலிருந்தே அவனோடுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே மூன்று வசனம் சொல்லியிருக்கிறான். நின்றது, ராஜா இரண்டு வரியை விழுங்கிய பிறகு. அந்த இரண்டு வரியின் கடைசிச் சொல் காதில் விழுந்தால் வாயைத் திறக்க வேண்டும் என்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சொல் வரவில்லை. அவன் என்ன செய்வான்?

நம் பள்ளிகளில் நாடகம் தயாராகும் விதம் அப்படி. டீச்சர் நோட்டில் எழுதி ஆளுக்கு ஐந்து வரி பிரித்துக் கொடுப்பார். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி உருப்போடுவார்கள். மந்திரியின் வசனம் மந்திரிக்குத் தெரியும். கதை முழுவதும் டீச்சருக்குத்தான் தெரியும்.

மதுரை, புதுக்கோட்டை பக்கம் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை நினைத்துப் பாருங்கள். கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, சிரிக்க வைக்கும் பபூன் இன்னோர் ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். சேர்ந்து ஒத்திகை என்பதே கிடையாது. மேடையேறி வள்ளி திருமணத்தை விடிய விடிய நடத்திவிடுவார்கள். வள்ளி மடக்கி ஒரு கேள்வி கேட்டால் முருகன் அதற்குள்ளிருந்தே பதில் எடுப்பார். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும் அவர்களுக்கு அத்துபடி. அதைவிட, கதையில் தான் எங்கே நிற்கிறோம், எதிரே நிற்பவரிடம் தனக்கு என்ன வேண்டும் என்பது தெரியும். இரண்டு வரி விட்டுப்போனால் அதை அவர்கள் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒத்திகையே இல்லாதவர்கள் விடியும்வரை தாங்குகிறார்கள், ஒரு மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கவிழ்கிறார்கள் என்றால் குறையைப் பிள்ளைகளிடம் தேடக் கூடாது.

உங்கள் மகனுக்கு அமைந்த பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனுநீதிச் சோழன் நாடகம் போடுகிறவர்கள் மணி, பசு, தேர் மூன்றையும் விடவே மாட்டார்கள். மந்திரியை, 'ஆகட்டும் மன்னா' சொல்ல ஒரு ஆளாக வைத்திருப்பார்கள். பெரிய புராணத்தில் அப்படி இல்லை. இளவரசன் மேல் தேரை ஏற்று என்று ராஜா ஒரு மந்திரியிடம் சொல்கிறான். மந்திரி அதைச் செய்யவில்லை. அங்கிருந்து விலகிப் போய்த் தன் உயிரை விடுகிறான். அதற்குப் பிறகுதான் ராஜா தானே மகனை அழைத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறான். சேக்கிழார் இதை ஒரே பாட்டில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். மந்திரி வாய் திறந்து ஒரு பதிலும் சொல்வதாக அதில் இல்லை. கடைசியில் சிவன் அருளால் கன்றும் இளவரசனும் மந்திரியும் மூவருமே எழுந்துவிடுவார்கள். திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே கல்தேரைப் பார்த்தவர்களில்கூட பலருக்கு இந்த மந்திரியைத் தெரியாது.

அதனால் "தேரை ஏற்றுங்கள், மந்திரி!" என்றதும் உறைந்து நின்ற உங்கள் பையன், தெரியாமலேயே மூலக்கதைக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறான். அந்த இடத்தில் மந்திரி பேச முடியாமல் நிற்கலாம், தலையைக் குனியலாம், வாளை ராஜாவின் காலடியில் வைத்துவிட்டுப் போகலாம். எதைச் செய்தாலும் நாடகம் நகரும். கூட்டமும் சிரித்திருக்காது. இதை ஒத்திகையில் யாராவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இப்போது சொல்லுங்கள். சமாதானப்படுத்துகிற குரலில் வேண்டாம். கதையாகச் சொல்லுங்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது போகாது. லாரன்ஸ் ஒலிவியே என்று இங்கிலாந்தில் ஒரு பெரிய நடிகர். ஐம்பது வயதுக்கு மேல், புகழின் உச்சத்தில் இருந்தபோது, திடீரென்று மேடைப் பயம் வந்து சில வருடங்கள் ஆட்டிவைத்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒதெல்லோவாகத் தனியே நின்று பேசும் இடங்களில், உடன் நடித்தவரைத் தன் கண்ணில் படும்படி ஓரத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவருக்கே அப்படி. வாய் உலர்வதும் கை சில்லிடுவதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒண்ணுக்கு முட்டுவதும் அட்ரினலின் செய்கிற வேலை. உடம்பு தயாராகிறது, அவ்வளவுதான். "பயப்படாதே" என்றால் அது நிற்காது. ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் பேசுவதற்கும் முன்னால் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பை அடக்கப் போராடுவதைவிட அதற்கு வேறு பேர் வைப்பது சுலபம்.

வெறும் வயிற்றில், ஒட்டுமீசையோடு, ஐந்து மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தால் மட்டும் எந்தப் பெயரும் உதவாது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார் என்பது ஊருக்கே தெரியும். நாடகத்தை முதலில் வைத்தால் என்ன? பேசுவதற்கு வருகிறவருக்குப் பிள்ளைகள் ஏன் காத்திருக்க வேண்டும்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு 'மேடை' என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். விடுமுறையில் அந்த ராஜாவையும் பசுவையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வசனம் எழுதாமல் கதையை மட்டும் சொல்லி நடிக்கச் சொல்லுங்கள். வேஷத்தை மாற்றிக்கொள்ளட்டும். இவன் பசுவாகட்டும், பசு மந்திரியாகட்டும். நடுவில் வேண்டுமென்றே ஒருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடட்டும், மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். தெருக்கூத்தில் கட்டியக்காரன் இருப்பதுபோல ஒரு ஆளை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எங்கே தொய்ந்தாலும் அவன் உள்ளே புகுந்து எதையாவது பேசுவான். அந்த வேலைக்கு எனக்குப் பசுவைத்தான் பிடித்திருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் 2022–23ஆம் கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. நாடகமும் அதில் உண்டு. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது அவனே கேட்டால் போகட்டும். கேட்காவிட்டால் கட்டாயம் வேண்டாம். மேடையேறாமலே நாடகத்தில் இருக்கவும் வேலைகள் உண்டு.

வீடியோவைப் போட்டவரிடம் நேரில் பேசி நீக்கச் சொல்லுங்கள். குழுவில் எழுதினால் அதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். அவன் அப்பாவிடம் மந்திரியின் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

மீசை விஷயம். அந்தப் பசையைப் பிய்த்து எடுக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்து எடுக்க வேண்டும். சில பேர் தோலுக்கு அந்தப் பசை ஒத்துக்கொள்ளாது. ஒரு வாரமாகியும் சிவப்பு மாறவில்லை என்றால் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடுத்த தடவை மை பென்சிலால் வரைந்தால் போதும், ஏழாம் வகுப்பு மந்திரிக்கு அது தாராளம்.